நம்பர் விழாத கோல்

மிருணாளினி பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் விமான ரிக்கற் விற்கும் கடையொன்றில் வேலை செய்தாள். கோண்டாவிலில் பிறந்தவள். தொண்ணூற்றேழில் பிரான்சுக்கு வந்தாள். அகதி வழக்கு இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டு, மூன்றாவது தடவை விசா கிடைத்தது. இராஜேந்திரனைக் கட்டி ஒபர்வில்லியேயில் நாலாம் மாடியொன்றில் குடியிருந்தாள். அவர் பிரெஞ்சு உணவகமொன்றின் குசினியில் வேலை செய்தார். பிள்ளைகள் இல்லை. தாய் தகப்பன் போன பிறகு ஊரில் அவளுக்கு மிஞ்சியிருந்தது தம்பி உதயன் ஒருவன்தான். கிளிநொச்சியில் கணிதம் படிப்பித்தவன். 2009 தை மாதத்தோடு அவனிடமிருந்து எந்தச் சேதியும் இல்லை.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. கடைக்கு வருகிறவர்கள் ரிக்கற் விலை கேட்பதற்கு முன்னர், வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமுக்குள் யாரைக் கண்டது, யாரைக் காணவில்லை என்றுதான் பேசினார்கள். மிருணாளினியும் எல்லோரிடமும் கேட்டாள். கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டுப் போன் அடித்தது. திரையில் நம்பர் விழவில்லை. இலக்கம் மறைக்கப்பட்டது என்று பிரெஞ்சில் இரண்டு சொல் மட்டும் நின்றது. எடுத்தாள்.

"அக்கா, நான்தான். பேர் சொல்லாதையுங்கோ."

 போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினாள்.

"எங்கையடா நிக்கிறாய்?"

"அதைக் கேக்காதையுங்கோ. முகாமிலை இருந்து வெளியிலை வந்திட்டன். சுகமா இருக்கிறன். நான் எடுக்கேக்கை நம்பர் விழாது. திருப்பி எடுக்கப் பாக்காதையுங்கோ. உந்த நம்பரை மட்டும் மாத்திப்போடாதையுங்கோ, அக்கா. வேறை ஒண்டும் எனக்குப் பாடமில்லை."

அவ்வளவுதான். அடுத்த மாதம் ஒருமுறை எடுத்தான். கடல் பக்கம் வந்துவிட்டதாகவும், மன்னாரில் ஒரு வீட்டில் நிற்பதாகவும், படகு பார்ப்பதாகவும் சொன்னான். அன்றிலிருந்து வீட்டில் போன் அடித்தால் மிருணாளினி அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். வேலைக்குப் போகும்போது வீட்டுக் கோலைத் தன் கைப்போனுக்கு மாற்றிவிட்டுப் போனாள்.

புரட்டாதியில்தான் மற்றக் கோல்கள் தொடங்கின. அவையும் நம்பர் விழாதவைதான். எடுத்தால் மறுபக்கத்தில் ஒருவர் மூச்சு விடுவது கேட்கும். "தம்பியோ?" என்று கேட்டாலும் பதில் வராது. பிறகு வைக்கப்படும். இப்படிப் பல தடவை நடந்த பிறகு ஒருநாள் ஒரு ஆண்குரல் பேசியது. வயதான குரல்.

"உதயன் மாஸ்ரர் அங்கை வந்திட்டாரோ?"

"ஆர் கதைக்கிறியள்?"

"அவரைத் தெரிஞ்ச ஆள். அவர் முகாமிலை இருந்து வெளிக்கிட்டிட்டார் எண்டு கேள்விப்பட்டன். இப்ப எங்கை நிக்கிறார்? அவரோடை வேறை ஆர் நிக்கினம்?"

"முதல் உங்கடை பேரைச் சொல்லுங்கோ."

"பேர் இப்ப தேவையில்லை."

மிருணாளினி வைத்துவிட்டாள்.  முகாமிலிருந்து தப்பியவனைப் பற்றி, பேர் சொல்லாத ஒருவன், இலக்கத்தை மறைத்துக்கொண்டு விசாரிக்கிறான் என்றால் அந்த நாட்களில் ஒரு தமிழருக்கு என்ன நினைக்கத் தோன்றும்? தம்பியைத் தேடுகிறவர்களில் ஒருவன் என்றுதான் அவள் நினைத்தாள். அன்று இரவு சாப்பிடும்போது இராஜேந்திரனிடம் சொன்னாள்.

"ரெலிபோன் கொம்பனிக்கு அடிச்சுச் சொல்லும்," என்றார் அவர். "நம்பர் விழாத கோலை அப்பிடியே நிப்பாட்டலாமாம். எங்கடை உணவகத்திலை செய்திருக்கினம்."

"நிப்பாட்டினா தம்பியின்ரை கோலும் வராதே."

"அப்ப அந்தாளின்ரையை மட்டும் நிப்பாட்டச் சொல்லும்."

"நம்பர் தெரிஞ்சால்தானே நிப்பாட்டலாம்?"

 மறுநாள் அவள் கொம்பனிக்கு எடுத்து, மறைத்து எடுக்கிறவரின் இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். இலக்கத்தை மறைத்துப் பேசுவது எவருக்கும் உள்ள உரிமை, பொலிசில் முறைப்பாடு கொடுத்தால் நீதித்துறை கேட்கும், அப்போதுதான் நாங்கள் சொல்லலாம் என்று பதில் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தாலும், அதே உரிமையில்தானே தம்பியும் எடுக்கிறான் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஐப்பசியில் அந்த மனிதர் மறுபடி எடுத்தார். "மாஸ்ரர் வவுனியாவிலையோ மன்னாரிலையோ நிக்கிறார்?" என்று கேட்டார்.

"மன்னார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று மிருணாளினி கத்தினாள்.

 மறுபக்கத்தில் போனை வைக்கும் சத்தம் கேட்டது. மன்னார் என்பது தன் வாயாலேயே வந்துவிட்டதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள்.

அதன் பிறகு உதயனின் கோல் வரவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. அந்த மனிதரும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றுபோனதுதான் அவளை வாட்டியது. நான் சொன்னதை வைத்துப் பிடித்துவிட்டார்கள் என்று முடிவே செய்துவிட்டாள். கடையில் பயணிகளின் பெயரைப் பிழையாக அடித்தாள். ஒருநாள் சென்னைக்குப் போக வேண்டியவருக்குக் கொழும்பு ரிக்கற் போட்டுக் கொடுத்தாள். முதலாளி ஏசவில்லை, ஒரு கிழமை லீவு கொடுத்தார்.

அந்த லீவில்தான் பொலிசுக்குப் போனாள். அவர்கள் முறைப்பாட்டை எடுத்தார்கள். கோடை தொடங்கும் நேரத்தில் பதில் வந்தது. கோல்கள் ஜேர்மனியிலிருந்து வந்திருக்கின்றன. அங்குள்ள ஒரு ரெலிபோன் கார்ட் கொம்பனியின் வழியாக எடுக்கப்பட்டிருக்கின்றன. எடுத்தவரின் இலக்கம் அந்தக் கொம்பனிக்குத்தான் தெரியும். உயிர் மிரட்டல் எதுவும் இல்லாதபடியால் வேறு நாட்டுக்கு வேண்டுகோள் அனுப்பும் அளவுக்கு விசயம் இல்லை. அத்தோடு முறைப்பாட்டுக் கோவையை மூடிவிட்டார்கள்.

ஸ்டாலின்கிராட் மெற்றோவுக்குக் கிட்ட, கிழமையில் ஒருநாள் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் ஒரு சங்கம் இருந்தது. அங்கே இருந்தவள் லக்சிகா. பாரிஸ் புறநகர் பொபினியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, சட்டம் படித்து முடித்து அந்த வருடந்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தமிழ் பேசத் தொடங்கி, பாதியில் பிரெஞ்சுக்குப் போய், மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வருவாள். மிருணாளினி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஜேர்மனிக்கு எழுதிப் பார்ப்போம் என்றாள்.

கார்ட் கொம்பனி முதலில் மறுத்தது. வாடிக்கையாளரின் அந்தரங்கம் என்றது. அதற்கு மேலே முறையிடலாம் என்று லக்சிகா அந்த மாநிலத்தின் தகவல் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதினாள். ரெலிபோன் சம்பந்தப்பட்டது மத்திய அரசின் அதிகாரம், எங்களுடையது அல்ல என்று அங்கிருந்து பதில். மத்திய அலுவலகத்துக்கு எழுதினாள். இந்தக் கொம்பனி கார்ட் விற்கும் வியாபாரம்தான், தனக்கென்று தொலைபேசி வலையமைப்பு இல்லை, வியாபாரிகளை மேற்பார்ப்பது மாநிலம் என்று அங்கிருந்து பதில். மறுபடி மாநிலம், மறுபடி மத்தி. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது.

"அன்ரி, செ கொம்பிளிக்கே, சிக்கலான விசயம்," என்றாள் லக்சிகா. "பிரான்ஸ் மாதிரி இல்லை ஜேர்மனி. அங்கை பதினாறு மாநிலம். ஒவ்வொண்டுக்கும் தனி அரசாங்கம். போன் நம்பர் மத்தியின்ரை, கடைக்காரர் வைச்சிருக்கிற ஆக்களின்ரை விபரம் மாநிலத்தின்ரை. உங்கடை விசயம் ரெண்டுக்கும் நடுவிலை."

மிருணாளினி அன்று நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். "எங்கடை நாட்டிலை மாகாணத்துக்கு ஒரு அதிகாரமும் தரமாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள். இவையள் எனக்கு வேண்டாம், நீ வைச்சிரு எண்டு தள்ளிக்கொண்டு நிக்கினம்."

2011 பங்குனியில் அந்த இழுபறி முடிந்தது. இரு அலுவலகமும் பேசி விசயத்தை இரண்டாகப் பிரித்திருந்தன. மறைத்து எடுத்தவரின் இலக்கம் தொலைபேசிச் சட்டத்துக்குள் வருகிறது, தொந்தரவு செய்யும் கோல் என்பதால் அதை வெளிப்படுத்தலாம் என்று மத்திய அலுவலகம் தீர்மானித்தது. கொம்பனியிடம் அவருடைய பெயரும் முகவரியும் இருந்தாலும் அவை மாநிலத்தின் பொறுப்பு, அவற்றைக் கொடுக்கக்கூடாது என்று மாநில அலுவலகம் சொன்னது. இன்னொன்றும் இருந்தது. யாருடைய இலக்கம் வெளியே கொடுக்கப்படுகிறதோ, அந்த ஆளுக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும்.

"அவருக்கும் சொல்லுவினமோ? ஏன்?" என்று மிருணாளினி கேட்டாள்.

"அதுவும் அவரின்ரை உரிமை, அன்ரி."

அவளுக்கு இலக்கம் கிடைத்தது. அவள் அதை அடிக்கவில்லை. லக்சிகாவும் அடிக்க வேண்டாம் என்றாள், கோவையைத் திரும்பத் திறக்கச் சொல்லி அதைப் பொலிசிடம் கொடுத்தார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குக் கடைகளில் சனம் நெருக்கிக்கொண்டிருந்த ஒருநாள், லாச்சப்பல் மெற்றோ வாசலில் நிற்கும்போது அவளுடைய கைப்போன் அடித்தது. அதே இலக்கம், முழுதாகத் திரையில் விழுந்திருந்தது.

பாலத்தின் மேல் ரயில் போகும் இரைச்சல் அடங்குமட்டும் பொறுத்து எடுத்தாள்.

"தங்கச்சி, வைச்சிடாதையுங்கோ. நம்பரோடைதான் எடுக்கிறன், பாத்தனீங்களோ?"

"சொல்லுங்கோ."

"எனக்குக் கடிதம் வந்திருக்கு. நான் உங்களைத் தொந்தரவு செய்ததாம். என்ரை நம்பரைத் தந்திட்டினமாம்."

"என்ரை தம்பியைப் பற்றிப் பேர் சொல்லாமல் விசாரிச்சா நான் என்ன நினைக்கிறது? நீங்கள் ஆற்றை ஆள்?"

"நான் ஒருத்தற்றை ஆளும் இல்லை. நீங்கள் ஆற்றை பக்கம் எண்டும் எனக்குத் தெரியாது. பயத்திலை பேரைச் சொல்லேல்லை. என்ரை வழக்கு இஞ்சை நடந்துகொண்டிருக்கு." அவர் தொடர்ந்தார். "என்ரை மகன் சிவதர்சன், உதயன் மாஸ்ரரிட்டைப் படிச்சவன். கடைசியா மாஸ்ரரோடைதான் நிண்டவன். தவறிப்போனா பிரான்சிலை இருக்கிற அக்காவோடை கதையுங்கோ எண்டு மாஸ்ரர்தான் பெடியளுக்கு உங்கடை நம்பரைக் குடுத்தவர். மகன் எனக்கு அனுப்பினவன்."

மிருணாளினி சனத்திலிருந்து விலகி வீதியோரத்துக்கு வந்தாள்.

"அப்ப முதலிலை ஒண்டும் பேசாமல் வைச்சது?"

"ஆம்பிளைக் குரல் ஏதும் கேக்குதோ எண்டு பாத்தனான். மாஸ்ரர் எடுத்தால் பேசுவம் எண்டு."

அவள் தன்னை அத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "மன்னார் எண்டு நான் சொன்னதை ஆருக்கும் சொன்னீங்களோ?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் கத்தின பிறகு, பிழை செய்துபோட்டன் எண்டு விளங்கிச்சுது. அதோடை நான் எடுக்கேல்லை."

அவர் பெயர் அருட்பிரகாசம். முல்லைத்தீவில் படகு எஞ்சின் திருத்துகிறவராக இருந்தவர். யுத்தத்தின் கடைசி வருடத்துக்கு முன்பே வெளியேறியவர். மனைவி இறந்துவிட்டார். ஜேர்மனியில் வெஸ்ற்பாலியாவின் சிறிய ஊர் ஒன்றில் அகதி விடுதியில் இருந்தார். அந்தக் கடிதம் வந்ததும், பொலிஸ் பிடிக்க வருகிறது என்று பயந்து, வேறு ஊரில் தெரிந்த ஒருவரின் அறையில் போய் ஒளிந்திருந்தார். அந்த நேரத்தில் அவருடைய அகதி விசாரணைக்கான தவணை வந்து போய்விட்டது.

மிருணாளினி வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது இராஜேந்திரன் முழுக்கக் கேட்டார். பிறகு, "நீர் செய்தது பிழை எண்டு சொல்லேலாது. அந்தாளுக்கு நடந்ததும் சரியில்லை," என்றார். அவள் லக்சிகாவிடம் போனாள். முறைப்பாட்டை வாபஸ் பெற்று, இந்த மனிதர் மகனைத் தேடியே எடுத்தார் என்று விளக்கம் எழுதி, அதை ஜேர்மன் மொழியில் மாற்றி, அவருடைய வழக்கறிஞருக்கும் அனுப்பினார்கள். தவணை தவறியதற்கான காரணமாக அந்த விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனாலும் வழக்கு பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஒரு வருடத்துக்கு மேல் தாமதமானது.

அதன் பின் அருட்பிரகாசம் இடைக்கிடை எடுப்பார். "தகவல் ஏதும்?" என்று அவர் கேட்பார். "இல்லை அண்ணை," என்பாள் அவள்.  உதயன் உயிரோடு இருந்தால்தான் சிவதர்சனைப் பற்றித் தெரியவரும் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள், சொல்லிக்கொள்ளவில்லை.

2012 ஆடியில் உதயன் எடுத்தான். தொண்ணூற்றொன்றில் தொடங்கும் இந்திய இலக்கம் திரையில் விழுந்தது. திருச்சியிலிருந்து எடுத்தான். அவள் முதலில் அழுதாள், பிறகு ஏசினாள்.

"மூண்டு வருசமா ஏனடா எடுக்கேல்லை?"

"புரட்டாதிக் கடைசியிலை நான் படகேறின கிழமையே மன்னாரிலை என்னை வைச்சிருந்த ஐயாவைப் பிடிச்சிட்டாங்கள், அக்கா. அவற்றை போனிலை இருந்துதான் உங்களுக்கு எடுத்தனான். உங்களுக்குத்தான் நம்பர் விழாது. அவற்றை போனுக்குள்ளை உங்கடை நம்பர் கிடக்கும்தானே? அதைக் காட்டி, பிரான்சுக்கு ஆர் கதைச்சது எண்டு அவரை அடிச்சவங்களாம். நான் இஞ்சை இருந்து அதே நம்பருக்கு எடுத்து, அவங்கள் அதைக் கண்டுபிடிச்சால் அவரை உயிரோடை விடமாட்டாங்கள் எண்டு பயந்தன். போன மாதந்தான் அவரை விட்டவங்கள்."

ஐப்பசியில் அவள் மன்னார் என்று கத்துவதற்கு முன்பே அவரைப் பிடித்திருக்கிறார்கள். ஆக, அவள் வாய் தவறியதால் எதுவும் நடக்கவில்லை. இருந்தும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. தான் முகம் காணாத ஒரு மன்னார் மனிதர், தன் வீட்டு இலக்கத்துக்காக அடி வாங்கியிருக்கிறார். அவர் ஒருநாளும் அந்த இலக்கம் யாருடையது என்று சொல்லவில்லை என்று உதயன் சொன்னான்.

"சிவதர்சன் எண்டு ஒரு பெடியன் உன்னோடை நிண்டவனோ?" என்று அவள் கேட்டாள்.

உதயன் தெரிந்ததைச் சொன்னான். அதை அருட்பிரகாசத்துக்குப் போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவரால் வர முடியாது. வழக்கு முடியுமட்டும் அந்த மாவட்டத்தை விட்டு வெளியேற அவருக்கு அனுமதி இல்லை. அதனால் அவளும் இராஜேந்திரனும் லீவு எடுத்து, பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி, இரண்டு இடத்தில் மாறிப் போனார்கள்.

அருட்பிரகாசம் நிலையத்தில் வந்து நின்றார். மெலிந்த, உயரமான மனிதர். போனில் கேட்டதைவிட வயது குறைந்தவராகத் தெரிந்தார். விடுதி அறையில் இரண்டு கட்டில்கள், ஒரு மேசை. மிளகாய்த்தூள் போட்டு முட்டை பொரித்து, பாணும் வைத்திருந்தார். சாப்பிடச் சொன்னார். மிருணாளினி சாப்பிடாமல் சொன்னாள்.

"வட்டுவாகல் பாலம் மட்டும் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வந்தவையாம், அண்ணை. பாலம் கடந்த உடனை, பெடியளை ஒரு பக்கமா வரச் சொல்லி ஆமி கூப்பிட்டதாம். தம்பி ஒரு வயது போன ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தபடியா அவனை விட்டிட்டாங்களாம். சிவதர்சனை ஒரு பஸ்ஸிலை ஏத்தினவையாம். அதுக்குப் பிறகு தம்பிக்குத் தெரியாது."

அவர் எதிர்க் கட்டிலில் வந்து இருந்தார்.

"ஏத்தினவையோ? இல்லை, அவன் தானா ஏறினவனோ?"

"தானாத்தான் ஏறினவராம்."

"காயம் ஒண்டும் இல்லையோ? காலிலை?"

"இல்லையாம். நடந்து போய்த்தான் ஏறினவராம். திரும்பி மாஸ்ரருக்குக் கை காட்டினவராம்."

"நடந்து போனவன்," என்றார் அருட்பிரகாசம். எழுந்து யன்னலருகே போய் நின்றார். மகன் ஷெல்லடியில் சிதறிவிட்டான் என்றே மூன்று வருடமாகச் சனம் அவருக்குச் சொல்லியிருந்தது, அதை நம்பாமல்தான் அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி வந்து, "ஆறப் போகுது, சாப்பிடுங்கோ," என்றார். மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

அருட்பிரகாசத்துக்கு 2013 கடைசியில் விசா கிடைத்தது. உதயன் திருச்சியிலேயே கலியாணம் செய்து, தனியார் பள்ளியொன்றில் படிப்பிக்கிறான். சிவதர்சனைப் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக அவன் சத்தியக்கடதாசி எழுதிக் கொடுத்தான். அதை அருட்பிரகாசம் கேட்ட இடமெல்லாம் கொடுத்து வருகிறார்.

மூன்று நாலு வருடத்துக்குப் பிறகு, லாச்சப்பல் கடைக்காரர்கள் சிலர் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நம்பர் விழாத கோல்களில் எடுத்துச் சனத்தை ஏமாற்றுவது கூடிவிட்டது, மறைத்து எடுப்பதையே அரசாங்கம் தடை செய்ய வேண்டும் என்று மனு கொடுப்பதாகப் பேச்சு. எல்லோரும் கையை உயர்த்தினார்கள். மிருணாளினி உயர்த்தவில்லை.

"நீங்கள்தானே அந்த நாளிலை பொலிசுக்குப் போய், ஜேர்மனி மட்டும் எழுதி நம்பர் எடுத்தனீங்கள்?" என்று கூட்டத்தை நடத்தியவர் கேட்டார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"ஓம், எடுத்தனான்," என்றாள். "ஒரு ஆளின்ரை நம்பர் வேணும் எண்டால், அதுக்கு ஒரு காரணத்தைச் சொல்லி, ஆரோ ஒருத்தர் அதை யோசிச்சுத் தீர்மானிச்சுத் தந்தவை. ஒரு வருசத்துக்கு மேலை இழுத்தது. எனக்கு விசர் பிடிச்சது. ஆனால் கேக்காமல் எல்லாற்றையும் திறந்து விடுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். ஒளிச்சு எடுக்கிறவன் எல்லாம் கள்ளன் இல்லை."

சிலர் தலையாட்டினார்கள். மனுவுக்கு ஆதரவு அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் இருந்த மீன்கடைக்காரர் மட்டும் கையைக் கீழே இறக்கினார். மனு போனது. அது என்னவாயிற்று என்று எவரும் பிறகு விசாரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மிருணாளினி மரக்கறிக் கடையில் முருங்கைக்காயும் ஒரு கட்டு வல்லாரையும் வாங்கிக்கொண்டு ஒபர்வில்லியே பஸ்ஸுக்குப் போனாள். அடுத்த நாள் காலை கடை திறக்க வேண்டும். கோடை லீவுக்குச் சனம் ரிக்கற் கேட்கத் தொடங்கியிருந்தது.